ஜேக்கப்பின் இடது காது

இராயபுரம், சென்னை-13
25-11-1968

திரு. ஞானதுரை அவர்களுக்கு,

சென்ற வாரம் யானைக்கவுனியில் உங்கள் கடையில் வாங்கிய ஸ்டென்சில் பேனாவை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதைப் பேனா என்று சொல்வது மற்றப் பேனாக்களுக்கு மரியாதை இல்லை. நேர்கோட்டில் ஒழுங்காகப் போகிறது, வளைவு வந்தால் தாளைக் கிழிக்கிறது. மனிதருடைய முகத்தில் நேர்கோடு எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

வேலை தெரியாத கிழவி என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் கோவிலின் மாதத் தாளுக்குப் பதினோரு வருடமாக நான்தான் படம் வரைகிறேன். கீழே பல்பு எரியும் கண்ணாடிப் பலகையின் மேல் மெழுகுத் தாளை விரித்து, மையில்லாத பேனாவால் மெழுகை மட்டும் கீறி எடுக்க வேண்டும். தாள் கிழியக் கூடாது. கீறிய இடத்தின் வழியாகத்தான் சைக்ளோஸ்டைல் மெஷினில் மை இறங்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்பதற்காக எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரமோ மாட்டுத் தொழுவமோ வரைவதாக இருந்தால் மனசுக்குள் திட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். இந்த முறை அப்படி இருக்க முடியாது. இங்கே மீன்பிடித் துறையில் ஜேக்கப் என்று ஒருவன். சின்ன வயதில் என்னிடம் ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேசம் படித்தவன். படித்தான் என்பதைவிட உட்கார்ந்திருந்தான் என்று சொல்லலாம். இந்த மாத ஆரம்பத்தில் அடித்த புயலில் அவனும் லூர்து என்ற இன்னொருவனும் போன விசைப்படகு திரும்பவில்லை. படகின் பலகைகள் எண்ணூர் முகத்துவாரத்தில் ஒதுங்கின. ஆட்கள் ஒதுங்கவில்லை. வடக்கே போகிற கப்பல் எதுவாவது ஏற்றிக்கொண்டிருக்கலாம், ஆந்திராக் கரையில் எங்காவது ஏறியிருக்கலாம் என்று துறையில் பேசிக்கொள்கிறார்கள். முன்பு அப்படி வந்தவர்கள் உண்டு. ஆகவே பழவேற்காட்டிலிருந்து நெல்லூர் வழியாக விசாகப்பட்டினம் வரை கரையோரக் கோவில்கள் எல்லாவற்றுக்கும் ஜேக்கப்பின் முகத்தை அச்சடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறார் எங்கள் பங்குச் சாமியார்.

போட்டோ கிடையாது. கல்யாணத்தில் எடுத்த ஒரே படமும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது ஊறி வீணாகிவிட்டது. அவன் முகத்தைத் தாளில் கொண்டுவர அவன் மனைவி ஆலிஸின் நினைவும் என் நினைவும்தான் கதி. லூர்துவின் தாய் சவேரியம்மாள், உயிரோடு இருக்கிற பிள்ளையைப் படம் போட்டு ஒட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆகவே ஜேக்கப் மட்டும்.

ஜேக்கப்புக்கு இடது காது மடல் நடுவில் பிளந்திருக்கும். சிறு பிள்ளையாக இருக்கும்போது தூண்டில் முள் மாட்டிக் கிழிந்தது. நம் மொழி தெரியாதவர்கூட அந்தக் காதைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடலாம். உங்கள் பேனாவால் அந்தக் காதை வரைந்தேன். காது முழுவதும் பிய்ந்து கையோடு வந்தது.

உடனே நல்ல பேனா ஒன்று அனுப்பவும். 'நல்ல' என்பதற்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன், கவனிக்கவும்.

இப்படிக்கு,
ஃப்ளோரா லியோனார்ட் (திருமதி)


யானைக்கவுனி, சென்னை
27-11-1968

மரியாதைக்குரிய அம்மா அவர்களுக்கு,

கர்த்தரின் கிருபையால் இங்கு அனைவரும் நலம். தங்கள் கடிதமும் பேனாவும் கிடைத்தன. படகுச் செய்தி வாசித்து மிகவும் வருத்தப்பட்டோம். அந்தச் சகோதரர் பத்திரமாகத் திரும்ப வேண்டுமென்று எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் பெயர் சொல்லி ஜெபித்தோம்.

பேனாவை எங்கள் விற்பனையாளர் சௌக்கத் அலியிடம் கொடுத்துச் சோதிக்கச் சொன்னேன். அவர் எங்கள் கடையின் பெயரைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிப் பார்த்தார். ஓரிடத்திலும் கிழியவில்லை. டப்பாவின் மேல் தாங்களே பார்த்திருப்பீர்கள், அது ஜெர்மனி சரக்கு.

ஒன்று சொன்னால் தவறாக எண்ணக் கூடாது. ஸ்டென்சிலில் கை மிக மெதுவாக ஓட வேண்டும். அம்மியிலும் உரலிலும் வேலை செய்து பழகிய பெண்களுக்குக் கை சற்றுக் கனத்துவிடும். அதனால் முனை ஆழமாக இறங்கிவிடுகிறது. எனவே இந்த முறை சன்ன முனையுள்ள பேனா ஒன்றை அனுப்பியிருக்கிறேன். பூவைத் தொடுவதுபோல் தொட்டு வரைந்து பார்க்கவும்.

தங்கள் அன்புள்ள,
த. ஞானதுரை


இராயபுரம்
2-12-1968

திரு. ஞானதுரை அவர்களுக்கு,

என் கை கனத்த கை அல்ல. கான்வென்ட்டில் எங்களுக்கு வரையக் கற்றுக்கொடுத்த மதர், உள்ளங்கைக்கும் காகிதத்துக்கும் நடுவில் முட்டை ஓட்டின் பாதியை வைத்துக்கொண்டு வரையச் சொல்வார். ஓடு உடைந்தால் அன்று சாயங்காலம் டீ கிடையாது. நான் ஒரு சாயங்காலமும் டீ இல்லாமல் இருந்ததில்லை. அம்மியைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம்.

உங்கள் சன்ன முனை முதல் பேனாவைவிட மோசம். அது கிழித்தது, இது அறுக்கிறது. சின்ன வட்டம் போட்டால் நடுவில் இருக்கும் துண்டு கழன்று விழுந்துவிடுகிறது. கண்ணின் மணி இரண்டும் அப்படித்தான் விழுந்தன. சிவப்பு வார்னிஷைத் தடவி ஓட்டையை அடைத்து, காயவைத்து, மறுபடி கீறினேன். மறுபடி விழுந்தன. ஒன்றன்பின் ஒன்றாக ஆறு தாள் பாழாயிற்று. அதற்கு மேல் சாமியாரால் காத்திருக்க முடியவில்லை. "இருப்பதை ஓட்டிவிடுவோம், ஃப்ளோராம்மா. மனுஷன் மாதிரி இருக்கிறதல்லவா" என்றார். மனுஷன் மாதிரி. நாங்கள் தேடுவது மனுஷன் மாதிரி இருக்கும் எவனையோ அல்ல.

சனிக்கிழமை அதைத்தான் அச்சடித்துத் தபாலில் சேர்த்தார்கள். கண் இருந்த இடத்தில் இரண்டு கரிய குழி. தாடையில் கறை. காது இருந்த இடத்தில் ஒரு மை உருண்டை. ஆலிஸிடம் ஒரு தாளைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, இது யாரு?"

"ஜேக்கப்."

"எங்க வூட்டுக்காரரா? கண்ணு ரெண்டும் நண்டு வளை மாரி கீதே. இத்தப் பாத்து எவன் கண்டுபுடிப்பான்?"

அவள் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. தாளைப் பக்கத்திலிருந்த குழம்புக் கிண்ணத்தின் மேல் மூடிவைத்துவிட்டுக் கருவாடு திருப்பப் போய்விட்டாள்.

பாழான ஆறு தாளையும் இத்துடன் அனுப்புகிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், உங்கள் சரக்கின் லட்சணம் தெரியும்.

ஃப்ளோரா லியோனார்ட்


யானைக்கவுனி
5-12-1968

மரியாதைக்குரிய அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முட்டை ஓடு பற்றி வாசித்து என் வார்த்தைக்கு வருந்துகிறேன். அம்மி பற்றி எழுதியதைத் தயவுசெய்து மறந்துவிடவும்.

ஆனால் தாங்கள் அனுப்பிய உறையைப் பிரித்தவுடன் கடை முழுவதும் பாச்சை உருண்டை வாசனை. சௌக்கத் அலி, "இன்னா நைனா, யாருனா கல்யாணப் பட்டுச்சேலய அனுப்பிகீறாங்களா" என்று கேட்டார். ஆறு தாளையும் தொட்டுப் பார்த்தேன். மெழுகு இளகிப் பிசுபிசு என்று விரலில் ஒட்டுகிறது. நல்ல ஸ்டென்சில் அப்படி ஒட்டாது. பாச்சை உருண்டையின் காற்று மெழுகை இளக்கிவிடும். இளகிய மெழுகில் எந்த நாட்டுப் பேனாவும் கிழிக்கத்தான் செய்யும்.

தாங்கள் ஸ்டென்சில் தாள்களை எங்கே வைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா? குற்றமாகக் கேட்கவில்லை. எங்கள் சரக்கின் மேல் விழுந்த பழியைத் துடைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தங்கள் அன்புள்ள,
த. ஞானதுரை


இராயபுரம்
9-12-1968

திரு. ஞானதுரை அவர்களுக்கு,

ஒழுங்காக வளர்க்கப்பட்ட பெண் எதையும் எங்கே வைப்பாளோ அங்கேதான் வைத்தேன். பீரோவில், மடித்த துணிகளோடு, பாச்சை உருண்டையோடு. முன்பெல்லாம் ஸ்டென்சில் கோவில் அலுவலகத்தில் இருக்கும். அக்டோபரில் கூரை ஒழுகியதால் என் வீட்டுக்கு வந்தது. இந்த உப்புக் காற்றில் பீரோவுக்கு வெளியே எதை வைத்தாலும் பூச்சி தின்கிறது. பூச்சியிடமிருந்து காப்பாற்றியதற்காக ஒருத்தி குற்றவாளி ஆவாள் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தைப் படித்து ஒரு பகல் முழுவதும் கோபமாக இருந்தேன். மறுநாள் டோல்கேட்டில் வேறொரு கடையில் புதுத் தாள் வாங்கிவரச் செய்து பிஸ்கட் டின்னில் வைத்தேன். அதே காதை, அதே பேனாவால், பீரோத் தாளில் ஒன்றும் டின் தாளில் ஒன்றுமாக வரைந்தேன். பீரோத் தாள் எட்டு இடத்தில் கிழிந்தது. டின் தாள் மூன்று இடத்தில் கிழிந்தது. ஐந்து கிழிசல் என் பீரோவுடையது. ஒப்புக்கொள்கிறேன். இதைப் பற்றி நீங்கள் இனிமேல் ஒரு வரியும் எழுத வேண்டாம்.

மிச்சம் மூன்று கிழிசல் யாருடையது?

துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்த என் கணவர் வைத்துவிட்டுப் போன பூதக்கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதில் உங்கள் பேனா முனையைப் பார்த்தேன். முனையில் உருள வேண்டிய குண்டு உருளவில்லை. ஏனென்றால் அது குண்டே அல்ல. கம்பியை அரத்தால் மழுக்கி வைத்திருக்கிறது. அரம் ஓடிய கீறல்கூடத் தெரிகிறது. ஜெர்மனியில் இப்படிச் செய்தவனை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள். ஆகவே அது ஜெர்மனியில் செய்ததல்ல.

ஒவ்வொரு நாளும் காலையில் தபால்காரரின் மணி கேட்டதும் ஆலிஸ் என் வாசலில் வந்து நிற்கிறாள். நண்டு வளைக் கண்ணைப் பார்த்து யார் பதில் போடுவார்கள்? எனக்கு உங்கள் வருத்தம் வேண்டாம். பேனா வேண்டும்.

ஃப்ளோரா லியோனார்ட்


யானைக்கவுனி
12-12-1968

அம்மா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

இறக்குமதி லைசென்ஸ் கிடைக்காமல் வெளிநாட்டுச் சரக்கு நின்று வெகுநாளாயிற்று. திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறையில் முனை போட்டு வாங்குகிறோம். பழைய டப்பாக்கள் பரணில் கட்டுக்கட்டாக இருந்தன. தூக்கிப் போட மனம் வரவில்லை. ஆபீஸ் சுற்றறிக்கை எழுதுகிறவர்களுக்கு அந்த முனை போதும் என்று நினைத்தேன். அதைக் கொண்டு யாராவது ஒரு மனிதனைத் தேடுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இது சமாதானம் அல்ல என்று எனக்கே தெரிகிறது.

என் மேஜை டிராயரில் உண்மையான ஜெர்மன் பேனா ஒன்றே ஒன்று இருக்கிறது. விற்பனைக்கு அல்ல. என் தகப்பனார் சாத்தான்குளத்திலிருந்து வந்து இந்தக் கடையைத் தொடங்கிய காலத்துப் பேனா. அதைச் சௌக்கத் அலி கையில் கொடுத்து அனுப்புகிறேன். இது இரவல் மட்டுமே. தயவுசெய்து இரவல் என்பதற்குக் கீழே நான் போட்டிருக்கும் கோட்டைக் கவனிக்கவும். புதிய ஸ்டென்சிலும் வருகிறது. பீரோ பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை.

ஏதாவது தகவல் வந்தால் ஒரு கார்டு போடவும். சௌக்கத் அலி தினமும் கேட்கிறார்.

தங்கள் அன்புள்ள,
த. ஞானதுரை


இராயபுரம்
20-12-1968

திரு. ஞானதுரை அவர்களுக்கு,

பேனா வந்து சேர்ந்தது. உங்கள் சௌக்கத் அலி என் எதிரில் மிகவும் மரியாதையாகப் பேசினார். வாசலுக்குப் போனதும் ரிக்‌ஷாக்காரனிடம், "கெய்வி பேஜாரு கிராக்கி மாமு, ஜல்தியா வண்டிய எடு" என்றார். என் காது நன்றாகக் கேட்கும் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். அதற்கு முன்பே காபி கொடுத்துவிட்டதால் திருப்பி வாங்க முடியவில்லை.

பேனாவைப் பற்றிக் குறை சொல்ல இரண்டு நாள் முயன்றேன். முடியவில்லை. தாளின் மேல் அது போவதே கைக்குத் தெரியவில்லை. நினைத்த இடத்தில் திரும்புகிறது, நினைத்த இடத்தில் நிற்கிறது. இப்படி ஒன்றை டிராயரில் பூட்டி வைத்துக்கொண்டு எனக்கு மழுங்கிய கம்பியை விற்றீர்கள் என்பதை நினைத்தால் மறுபடி கோபம் வருகிறது. அது இருக்கட்டும்.

முதல் படத்துக்குப் பதில் வர ஆரம்பித்துவிட்டது. ஒன்றல்ல, ஐந்து கோவிலிலிருந்து. ஐந்திலும் 'உங்கள் ஆள் இங்கே இருக்கிறார் என்று நினைக்கிறோம்' என்று எழுதியிருக்கிறது. மசூலிப்பட்டினத்தில் ஒருவன், சந்தையில் மூட்டை தூக்குகிறானாம். விசாகப்பட்டினத்தை ஒட்டிய பீமிலியில் இருப்பவர் இருபது வருடமாக அதே ஊரில் உப்பளத்தில் வேலை செய்கிறாராம். ஆனாலும் சாயல் இருக்கிறதாம். காக்கிநாடாவில் ஆஸ்பத்திரியில் வாய் பேசாமல் படுத்திருக்கும் ஒருவன். நெல்லூரில் வலை பின்னும் ஒருவன். ஒரு குருவானவர் தன் சமையற்காரனே அப்படித்தான் இருக்கிறான் என்று எழுதியிருக்கிறார். அவருக்கு என்ன பதில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. யாரைப் போலவும் இல்லாத முகம் என்பதால் எல்லோரைப் போலவும் இருக்கிறது.

ஆலிஸ் ஐந்து கடிதத்தையும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "அஞ்சு எடத்துல கீறாரு பாரு டீச்சரம்மா. வூட்ல இருந்தப்போ ஒரு எடத்துல குந்த மாட்டாரு" என்று சிரித்தாள். புயலுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. காக்கிநாடா ஆளுக்கு என்று புது லுங்கி ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். உடனே ரயில் ஏறுகிறேன் என்கிறாள். நல்ல படம் போகட்டும், அதற்குப் பதில் வந்த பின் போகலாம் என்று பிடித்து வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வரைந்தேன். "மூக்கு கொஞ்சம் கோணை. அண்ணங்காரன் துடுப்பால அட்ச்சது." "மேல் உதடு கிடையாது, மீச மட்டும்தான் கீது." சொல்லச் சொல்ல வரைந்தேன். கடைசியாக அந்தக் காது. முடிந்ததும் பலகையின் விளக்கை அணைக்க வேண்டாம் என்றாள். குனிந்து வெகுநேரம் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "இவுருதான்" என்றாள். பிறகு சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

நேற்று எல்லாக் கோவில்களுக்கும் மறுபடி அனுப்பினோம். உங்களுக்கும் ஒரு தாள் வைத்திருக்கிறேன். கோடு என்றால் எப்படி இருக்கும் என்று உங்கள் லேத் பட்டறைக்குக் காட்டுங்கள்.

ஃப்ளோரா லியோனார்ட்


யானைக்கவுனி
30-12-1968

மரியாதைக்குரிய அம்மா அவர்களுக்கு,

கிறிஸ்துமஸ், புதுவருட வாழ்த்துக்கள். சௌக்கத் அலியிடம் விசாரித்தேன். ரிக்‌ஷாக்காரரின் மாமியாரைப் பற்றிச் சொன்னதாகச் சொல்கிறார். நான் நம்பவில்லை.

தாங்கள் அனுப்பிய படத்தை அவர் கல்லாவுக்கு எதிரே சுவரில் ஒட்டிவிட்டார். வருகிறவர்கள் எல்லாம் இது யார், கடையின் புதுப் பங்காளியா என்று கேட்கிறார்கள். எனக்குத்தான் தொல்லை. நாள் முழுவதும் அந்த முகத்துக்கு நேரே உட்கார்ந்திருக்கிறேன். சென்ற வாரம் ஒருவர் வந்து பேனா கேட்டார். பரணிலிருந்து டப்பாவை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டு, உள்ளூர் முனை, எழுத்துக்கு மட்டும் ஆகும் என்று சொன்னேன். அவர் வாங்காமல் போய்விட்டார். தங்கள் படத்தால் எனக்கு வியாபாரம் கெடுகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு அரசு அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் நல்ல ஸ்டென்சில் பேனா அவசரமாகக் கேட்கிறார்கள். பெரிய வாடிக்கை. அந்த இரவல் பேனாவைக் கொடுத்து அவர்களைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். படமும் போய்விட்டதால் பேனாவைத் திருப்பி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

காக்கிநாடாவிலிருந்து என்ன வந்தது?

தங்கள் அன்புள்ள,
த. ஞானதுரை


இராயபுரம்
17-1-1969

திரு. ஞானதுரை அவர்களுக்கு,

காக்கிநாடாவில் இருப்பவனுக்குக் காது இரண்டும் முழுசாக இருக்கிறது. மசூலிப்பட்டினத்து ஆளுக்கும் நெல்லூர் ஆளுக்கும் அப்படியே. பீமிலியிலிருந்து மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார்கள். சமையற்காரனும் ஜேக்கப் இல்லை. ஒவ்வொரு கடிதமாக வந்தது. ஒவ்வொன்றையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். ஐந்து இடத்தில் இருந்தவன் நான்காகி, மூன்றாகி, ஒன்றுமில்லாமல் போனான். ஆலிஸ், "படத்த மாத்தாம உட்டுருக்கலாம்" என்றாள். அப்போது எரிச்சலாக இருந்தது. சரியான படம் போட்டதற்கு வசவா என்று நினைத்தேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் ஆறாவது கடிதம் வந்தது. பழவேற்காட்டைத் தாண்டி ஒரு மீனவர் குப்பத்திலிருந்து, அங்கே மாதம் ஒருமுறை பூசை வைக்கும் குருவானவர் எழுதியது. புயல் ஓய்ந்த பிறகு அந்தக் கரையில் ஓர் ஆணின் உடல் ஒதுங்கியது. கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு இருந்ததால் நம்மவன் என்று தெரிந்து ஜெபம் சொல்லி அடக்கம் செய்திருக்கிறார்கள். எங்கள் முதல் படமும் அந்தக் கோவில் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. அதைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவது படத்தை ஒட்டியதும், உடலைக் கழுவிய கிழவி ஒருத்தி நேராக வந்து காதின் மேல் விரலை வைத்தாளாம்.

இதையும் நான்தான் ஆலிஸுக்கு வாசித்தேன். சாமியார் வருகிறேன் என்றார். வரைந்தவள் நான், நானே சொல்கிறேன் என்றேன்.

அவள் கத்தவில்லை. "மொத படத்துல உசுரோட இருந்தாரு. நீ நல்லா வரைஞ்ச, செத்துட்டாரு" என்றாள். என்னை அவள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மறுநாள் ஜேக்கப்புக்காக வைத்த பூசையில் என்னைப் பார்க்காமல் தாண்டிப் போனாள்.

நீங்கள் அந்த நல்ல பேனாவை டிராயரிலேயே வைத்திருந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். இந்த அறுபத்தெட்டு வயது வரையில் எதையும் அரைகுறையாகச் செய்யாத நான் அப்படி நினைத்தேன் என்பதில் எனக்கு என் மேலேயே ஆத்திரம். உங்கள் பேரிலும் ஆத்திரம். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

பேனா இந்த வாரக் கடைசியில் வந்து சேரும். சுவரில் ஒட்டிய படத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஃப்ளோரா லியோனார்ட்


யானைக்கவுனி
21-1-1969

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. வியாபாரக் கடிதம்தான் எழுதத் தெரியும்.

தங்கள் கடிதத்தை வீட்டில் வாசித்தேன். என் மனைவி, "ஆள் எங்கே கிடக்கிறான் என்று தெரியாமல் அந்தப் பெண் நாற்பது வருடம் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா? அந்த அம்மாவை வருத்தப்பட வேண்டாம் என்று எழுதுங்கள்" என்றாள். எழுதிவிட்டேன். தாங்கள் கேட்கமாட்டீர்கள் என்றும் அவளிடம் சொன்னேன்.

படத்தை எடுக்கச் சொன்னேன். சௌக்கத் அலி, "இருக்கட்டும் நைனா, நாப்பது நாளாவது இருக்கட்டும்" என்றார். அவரே எடுப்பார்.

பேனா இன்னும் வரவில்லை. அரசு அலுவலகத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்துவிட்டது. அவசரம் இல்லை என்று சொல்லத்தான் ஆசை.

தங்கள் அன்புள்ள,
த. ஞானதுரை


இராயபுரம்
2-2-1969

திரு. ஞானதுரை அவர்களுக்கு,

பேனாவைத் துடைத்து, பஞ்சு சுற்றி, டப்பாவில் போட்டு, உங்கள் விலாசமும் எழுதியாயிற்று. ஆனால் அனுப்ப முடியவில்லை. காரணம் எழுதுகிறேன்.

ஆலிஸ் தன் அண்ணனோடு அந்தக் குப்பத்துக்குப் போய்ச் சிலுவை நட்டுவிட்டு வந்தாள். வந்து மூன்றாம் நாள் என் சமையலறை வாசலில் இரண்டு வவ்வால் மீனை வைத்துவிட்டு, "முள்ளு பாத்துத் துன்னுங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. திரும்ப 'ங்க' வந்துவிட்டது. மீனும் நன்றாக இருந்தது.

அதைப் பார்த்தோ என்னவோ, நேற்று சவேரியம்மாள் வந்தாள். ஜேக்கப்போடு போன லூர்துவின் தாய். பல்லில்லாத வாயை மென்றுகொண்டு கதவருகே நின்றாள்.

"எம் புள்ளையையும் வரைஞ்சு அனுப்பு" என்றாள்.

"வேண்டாம் என்று நீதானே சொன்னாய்?"

"அப்போ சொன்னேன். இப்போ சொல்லல. ஆனா ரொம்பக் கரீட்டா வாணாம். சுமாரா வரை. ஆலிஸுக்கு மொதல்ல போட்டியே, அந்த மாரி."

என் வாழ்க்கையில் பலர் என்னிடம் பலவிதமாக வரையச் சொல்லியிருக்கிறார்கள். மோசமாக வரையச் சொன்னவள் இவள் ஒருத்திதான். எனக்குச் சுமாராக வரையத் தெரியாது என்றேன்.

"தெரியாதுன்னா இன்னா? அதான் ஒரு தபா வரைஞ்சியே."

பேனாவின் கதையையும் பீரோவின் கதையையும் அவளிடம் சொல்ல முடியுமா? எரிச்சலில் எழுந்து உள்ளே போனேன். ஸ்டென்சில் டின்னைத் திறந்தேன், மூடினேன். அந்தக் கரிய குழிகளை வேண்டுமென்றே போட ஒரு நிமிஷ வேலைதான். பத்து ஊரிலிருந்து லூர்து வருவான். அவள் பத்து லுங்கி வாங்கி வைப்பாள்.

திரும்பி வந்தபோது அவள் போகவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரில் பலகையை வைத்து விளக்கைப் போட்டேன். லூர்துவை நான் அதிகம் கவனித்ததில்லை. அவன் என் வகுப்புக்கு வந்தவன் அல்ல. புருவம் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

அவள் தன் புருவத்தின் மேலேயே விரலை ஓட்டினாள். "இந்தாண்ட பக்கம் ஒரு எடத்துல முடி கெடையாது. அம்மை வாத்தப்போ போனது" என்றாள். விரலை எடுக்காமல், "அத்தப் போட்டே ஆவணுமா?" என்று கேட்டாள்.

போட்டால்தான் அவன் லூர்து என்றேன். போடாவிட்டால் அது யாரோ. எதை வரைவது என்று நீயே சொல், நீ சொல்லும்வரை பேனாவை எடுக்கமாட்டேன் என்றேன். சொன்னபடியே எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். வெளியே மாதா கோவில் மணி அடித்து ஓய்ந்தது. மீன் வண்டிகள் போயின. நான் பொறுமைசாலி அல்ல என்று உங்களுக்குத் தெரியும்.

"போடு" என்றாள் கடைசியில். "கண்ணு மட்டும் தொறந்தா மாரி போடு."

ஆகவே அரசு அலுவலகம் காத்திருக்கட்டும்.

ஃப்ளோரா லியோனார்ட்